பத்தொன்பது தடவை தாண்டிய ரோடு

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்,
புது தில்லி,
8-9-1983

அன்பு மகன் ஜோதிலிங்கத்துக்கு, அம்மா தாயம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கை பொன்னி எழுதுவது. பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைக்கிறோம். இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று எழுதட்டுமா என்று பொன்னி கேட்டாள், வேண்டாம், எல்லாரும் கோபம் என்று எழுதுடி என்றேன். (அண்ணா, அம்மா சொல்வதில் பாதியைத்தான் எழுதுகிறேன். மீதியையும் எழுதினால் கவர் தாங்காது.)

முதலில் உன் கடிதத்துக்குப் பதில். அப்பாவுக்கு முட்டி முடியவில்லை என்றால் வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். விடுவதற்கு அது என்ன பட்டமா? இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கிறது, வேலை போனால் இந்த வீடும் போகும். ஆபீஸ் எங்கேயோ இருந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்கு எதிரே இருக்கிறது, நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான். போன வருஷம் ஆசிய விளையாட்டுப் போட்டி வருகிறது என்று அந்த ரோட்டை ஆறு பஸ் அகலத்துக்கு இழுத்தார்கள், தாண்டுவதற்கு ஒரு கோடு கூடப் போடவில்லை. தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாண்டிய மனுஷனை பஸ் இடித்தது. சைக்கிள் அப்பளம், முட்டி பாதி அப்பளம். சமதரையில் எவ்வளவு வேண்டுமானாலும் நடக்கட்டும், படி மட்டும் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று முதல் காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுகிறார், சாயங்காலம் நான் போய் நின்று கூட்டி வருகிறேன். எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் அவருக்கு அன்று லீவு.

அதனால்தான் வெள்ளைக் கோடும் ஒரு சிவப்பு விளக்கும் கேட்டு ரோடு போடுகிற ஆபீஸில் மனு கொடுத்தோம். மாடி வீட்டு பட்டாபி சார் இங்கிலீஷில் எழுதினார், குவார்ட்டர்ஸ் முழுக்கக் கையெழுத்துப் போட்டது. எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் கோடு போடுவார்களாம், சரி எண்ணு. எண்ண வந்தவன் எந்த நாள் வந்தான் தெரியுமா? இரண்டாவது சனிக்கிழமை! ஆபீஸும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. பதினோரு பேர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். (இரண்டு மாடுகளும் தாண்டின. அவற்றைச் சேர்க்கவில்லை. மனுவில் கையெழுத்துப் போடாதது அவற்றின் தப்பு.) நான் மனு கொடுத்த ஆபீஸுக்கே போய் எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன், தெரியாத இடத்தில் தமிழில் கத்தினேன், திரும்ப எண்ணுகிறோம் என்றார்கள்.

இப்போது உன் தங்கை செய்த வேலையைக் கேள். மறுபடி எண்ணும் நாளுக்கு முந்தின நாள் வீடு வீடாகப் போய், போனால் ஒன்று வந்தால் ஒன்று, எல்லாரும் போய் வந்துகொண்டே இருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அன்று காலை ஆறு மணியிலிருந்து ரோட்டில் தேர்த் திருவிழா. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் அடையாளம் தெரியக் கூடாது என்று மூன்று புடவை மாற்றினாள். எண்ணுகிற பிள்ளை நாவல் மரத்தடியில் உட்கார்ந்து கோடு போட்டுப் போட்டுக் கை வலித்து, அரே மாதாஜி, நீங்கள் மறுபடியுமா என்று என்னைக் கேட்டான். உப்பு மறந்துவிட்டேன் பையா என்றேன். அடுத்த தடவை புளி. ஆமாம், நானும் போனேன், மறைப்பானேன், பத்தொன்பது தடவை. (இருபத்திரண்டு அண்ணா. நான்தான் எண்ணினேன்.) மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. ஜிலேபி வாங்கிப் பங்கு போட்டோம்.

போன வாரம் உத்தரவு வந்தது. பட்டாபி சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆள் குறைச்சல் என்றால் ஒன்றும் கிடையாதாம், கொஞ்சம் கூடினால் வெள்ளைக் கோடு, இன்னும் கூடினால் விளக்கு, அதற்கும் மேலே போனால் வண்டிகளை அத்தனை நேரம் நிறுத்த முடியாது, மனுஷர்களைத்தான் மேலே ஏற்ற வேண்டுமாம். அதனால் நமக்கு நடைபாலம். ஏற நாற்பத்தாறு படி, இறங்க நாற்பத்தாறு. குறுக்கே யாரும் போகாதபடி ரோட்டின் நடுவில் ஆள் உயரக் கம்பிவேலியும் போடுவார்களாம். இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாவது போகிறாரே, அதுவும் கிடையாது. (கோட்டைக் கேட்டோம், கோட்டை விட்டோம்.) இதை எழுதிவிட்டுச் சிரிக்கிறாள் பார், இந்தக் கழுதையை என்ன செய்வது? அவளைத் திட்டவும் எனக்கு வாய் இல்லை, பத்தொன்பது தடவை போனவள் நான். உன் அப்பா போய் மாடிப்படியின் முதல் படியில் கால் வைத்துப் பார்த்தார், எடுத்துவிட்டார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

பட்டாபி சார்தான் உத்தரவின் பின்பக்கத்தைப் படித்தார். முப்பது நாளுக்குள் ஆட்சேபணை சொல்லலாம். அன்று எண்ணியவன் சைக்கிள்காரர்களையும் நடக்கிறவர்களோடு சேர்த்தே எழுதியிருக்கிறான். சைக்கிளைத் தனியாக எண்ணி, நிறைய இருந்தால், கீழேயே ஒரு வழி விட்டாக வேண்டுமாம், ஏனென்றால் சைக்கிள் படி ஏறாது. மனுஷன் ஏறுவானாம்! சரி, எண்ணுங்கள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். இந்த மாதம் இருபத்தாறாம் தேதி, திங்கட்கிழமை. இந்தத் தடவை ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான், உண்மையாகச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் மட்டும், இன்னொரு தடவை உப்பு மறந்தால் காலை ஒடிப்பேன் என்று பொன்னியை வைத்தே வீடு வீடாகச் சொல்லி அனுப்பினேன்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ பிலாய்க்கு மாற்றலாகிப் போகும்போது மாடிப்படிக்குக் கீழே உன் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையோடு கொண்டுபோனாய், இரண்டு வருஷமாகக் காற்றில்லாமல் நிற்கிறது. பூட்டை உடைக்கலாம் என்கிறாள் பொன்னி, நீ முதல் சம்பளத்தில் வாங்கிய பூட்டு, எனக்கு மனசு வரவில்லை. உடனே சாவியை அனுப்பு. இருபத்தாறாம் தேதி அப்பா அதைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவார். மனுஷன் என்று எண்ணினால் நாற்பத்தாறு படி ஏறச் சொல்கிறார்கள், சைக்கிள் என்று எண்ணியாவது அவருக்கு வழி விடட்டும்.

கோபத்தில் ஏதாவது சொல்லியிருந்தால் மனசில் வைக்காதே. நீ நூறு வயசு நல்ல காலோடு இரு. அங்கேயும் ரோடு தாண்டும்போது இரண்டு பக்கமும் பார், பையன்களோடு பேசிக்கொண்டே தாண்டாதே. சாவியைச் சாதாரணத் தபாலில் போடாதே, ரிஜிஸ்தரில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
தாயம்மாள்

(அண்ணா, கையெழுத்து அம்மாவே போட்டது, அதனால்தான் கிழிந்திருக்கிறது. சாவி வராவிட்டாலும் என்னிடம் ஹேர்பின் இருக்கிறது, அந்தப் பூட்டு எனக்குப் பழக்கம்தான், அதை அம்மாவிடம் சொல்லிவிடாதே. ஆனாலும் சாவியை அனுப்பு. அம்மா இப்போதே தபால்காரர் எத்தனை தடவை வருகிறார் என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள். பொன்னி.)