சரிவில் பொருத்திய குப்பி

இன்று காலை பானெட்டைத் திறந்து, அந்தத் தகர டப்பாவின் அடித்திருகைத் தளர்த்தினேன். கருத்த எண்ணெய் மெல்லிய நூலாக இருமல் மருந்து பாட்டிலுக்குள் இறங்கியது. அந்தக் கருகல் வாசனை வந்ததுமே, பழக்கத்தில் வாசல் பக்கம் திரும்பி, "எவ்வளவுன்னு குறிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டேன். பென்சிலோடு நீ அங்கே நிற்கவில்லை. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நாற்பது மில்லி. நானே குறித்துக்கொண்டேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கக் கீழேயிருந்து ஒருவர் வருகிறார். மகளின் ஏற்பாடு. கணியம்பாடியில் தன் வீட்டு மாடியறையை எனக்காகத் துடைத்து வைத்திருக்கிறாள். "மலையில இனிமே உங்களுக்குக் கார் எதுக்குப்பா? நீங்க ஓட்டவா போறீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. உரிமம் நம் இருவரிடமும் இருந்தது. மலைப்பாதையில் ஓட்டியது நீ மட்டும்தான். நான் உன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தவன். இந்த எட்டு மாதமும் வாரத்துக்கு ஒருமுறை வாசலிலேயே பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு அணைத்தேன். அதற்கு மேல் கை வரவில்லை. பிறகு அந்த நாற்பது மில்லி எப்படிச் சேர்ந்தது என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முறைப்படி முதலிலிருந்து வருகிறேன். இடையில் கொட்டாவி விடாதே.

வண்டி ஏற்றத்தில் கரும்புகை கக்க ஆரம்பித்தது உனக்கு நினைவிருக்கும். திருப்பத்தூர் மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றிக் காட்டினார். உள்ளே விரல் வைத்தால் எண்ணெய் ஒட்டியது. டர்போ என்ஜின் விடும் மூச்சில் எண்ணெய் ஆவியாகக் கலந்து வருகிறது, என்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவின் வாய்க்கே ஒரு குழாய் அதைத் திருப்பி அனுப்புகிறது, நடுவில் ஒரு டப்பாவை வைத்தால் எண்ணெய் அதில் தங்கிவிடும் என்றார். ஆயில் கேட்ச் கேன் என்று பேரும் சொன்னார். நீ உடனே, "அட, சளி புடிக்கிற குப்பி! எங்க ஆஸ்பத்திரில இல்லாததா?" என்றாய். செவிலியராக முப்பது வருடம் இந்த மலையில் ஊர் ஊராக ஏறி இறங்கியவள் நீ. அன்று முதல் அது நமக்குச் சளிக் குப்பிதான்.

நானே பொருத்துகிறேன் என்று எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டே காலம் தள்ளியவன். அதையும் முதலில் படமாகத்தான் போட்டேன். குழாயில் சாக்பீஸால் கோடு போட்டேன், அளந்தேன், அழித்தேன், மறுபடி அளந்தேன். மூன்றாவது நாள் நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாய்.

"இன்னாங்க, குழாய அறுக்கப் போறீங்களா, அதுக்கு ஜாதகம் எழுதப் போறீங்களா?"

"தப்பா அறுத்துட்டா என்ன பண்றது?"

"வேற குழா வாங்குறது." கத்தியை என் கையிலிருந்து வாங்கி ஒரே இழுப்பில் அறுத்தாய்.

பொருத்தும் வேலையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ரசமட்டம் வைத்துத் துல்லியமாக மட்டமாக வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். நம் வாசலோ சரிவு. நம் மலை ஊரான புதூர்நாட்டில் எனக்குத் தெரிந்த மட்டமான இடம் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். விடுமுறை நாளில் உன்னை அங்கே ஓட்டிவரச் சொல்லி, நீளமான அந்த டப்பாவை வண்டியின் நீளவாக்கில் வைத்து, ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை வாஷர் போட்டுப் போட்டு முடுக்கினேன். என்ஜின் மூச்சு முன்முனையில் நுழையும்; சுத்தமான காற்று பின்முனையில் வெளியேறி டர்போவுக்குப் போகும். குமிழி அசையவில்லை. மாதக் கடைசியில் ஒருநாள் வடிப்பது என்று அட்டவணையும் எழுதிக் கதவில் ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான வேலை அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தாறு நாள் கழித்து, பக்கத்து வீட்டுக் குப்பம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்து, கட்டோடு திருப்பத்தூரிலிருந்து அழைத்து வந்தோம். பாதி மலையில், வளைவுக் கோயிலில் எல்லா வண்டிகளையும் போல நீயும் நிறுத்தினாய். அங்கே யாரும் என்ஜினை அணைப்பதில்லை. இறங்காமல் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்து நின்றது. நீ கும்பிட்டுக் கையை எடுப்பதற்குள் என்ஜின் தானாக இரைந்தது. உன் கால் ஆக்சிலேட்டரில் இல்லை. இரைச்சல் ஏறிக்கொண்டே போனது. பின்னால் வெண்புகை. நீ சாவியைத் திருப்பினாய், அது நிற்கவில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் என்று பிற்பாடு நீ எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். எனக்கு முன்னாலிருந்த டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, வண்டியின் கையேட்டைத் தேடினேன்.

நீ பிரேக்கை அழுத்தி மிதித்து, ஐந்தாவது கியரில் தள்ளி, கிளட்சைச் சட்டென்று விட்டாய். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் செத்தது. அந்த அமைதியில் பின்னிருக்கையிலிருந்து குப்பம்மா, "ஒத்தக் கண்ணால பாக்கசொல்லவே இப்டி கீதே, ரெண்டும் தெறந்திருந்தா உசிரு பூட்டிருக்கும்மா" என்றாள். நீ ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தாய். சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாய்.

பானெட்டைத் திறந்ததும் புரிந்துவிட்டது. டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. மூக்கு தூக்கி நின்ற வண்டியில் எண்ணெயெல்லாம் பின்முனைக்கு ஓடி, வெளியேறும் வாயை மூழ்கடித்து, அப்படியே டர்போவுக்குள் போயிருக்கிறது. டீசல் என்ஜினுக்கு அந்த எண்ணெயும் தீனிதான். சாவியை அணைத்தாலும் அது அதைக் குடித்துக்கொண்டே ஓடும். நான் மைதானத்துக்காகப் பொருத்தியிருந்தேன். நாம் ஒருநாளும் மைதானத்தில் வண்டி ஓட்டியதில்லை.

டப்பாவை விலக்கிக் குழாயைப் பழையபடி நேராக இணைத்து, உள்ளே தேங்கியதைத் துணியால் துடைத்து எடுத்தபின் ஊர்ந்து வீடு வந்தோம். "இதைத் தூக்கிப் போட்டுடலாம். எனக்கு இதெல்லாம் வராது" என்றேன்.

"இன்னாத்துக்குப் போடணும்? கழட்டிப் போட்டா கத்துக்கினதும் வீணாப் பூடும்." வாசல் சரிவில் மூக்கு தூக்கி நின்ற வண்டியைக் காட்டினாய். "வூட்டு வாசல்லயே வைங்க. எந்தப் பக்கம் எண்ணெ ஓடுதுன்னு கண்ணுக்குத் தெரியும்."

"வெளியேறும் முனையை முன்னால வச்சா ஏறும்போது சரி. இறங்கும்போது?"

"அப்ப குறுக்கால வைங்க. அந்த முனை கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும். ஏற்றமும் ஒண்ணுதான், எறக்கமும் ஒண்ணுதான்." பிறகு கதவிலிருந்த அட்டவணையைக் கிழித்தாய். "மாசத்துக்கு ஒருக்கா இல்ல. மல எறங்கி ஏறுனா வடிச்சிடணும். கொழந்தைக்கு மூக்கு சிந்துறதுக்கு தேதி பாப்பாங்களா?"

குறுக்கே வைத்தோம். அப்புறம் ஒருநாளும் தொல்லை இல்லை. வடித்ததை நீ வேலிக் கம்பங்களின் அடியில் பூசுவாய், கரையானுக்கு.

இப்போது நேற்றைய கதை. குப்பம்மாவுக்கு மற்றக் கண்ணிலும் புரை. நேற்று அறுவைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் மகன் ஜீப்பில் இடம் பிடிக்கிறேன் என்றான். பன்னிரண்டு பேரோடு, கண்ணில் கட்டோடு அவள் எப்படி வருவாள் என்று என் மனம் கணக்குப் போட்டது. அவளோ நேரே என் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னா சாரு, வண்டி விக்கப் போறீங்களாமே? விக்கிறதுக்கு முன்னாடி என்ன ஒருவாட்டி கூட்டிகினு போயிட்டு வாங்களேன்."

"நான் மலையில ஓட்டினதில்லைம்மா."

"தெரியும். எனக்கும் இந்தக் கண்ணு அறுத்ததில்ல."

சாவியை எடுத்தேன். எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தேன். எதிரே வண்டி இல்லாவிட்டாலும் அடித்தேன். இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு மாறவில்லை. பின்னால் வந்தவர்கள் திட்டியிருப்பார்கள். திட்டட்டும். திரும்பும்போது வளைவுக் கோயிலில் நிறுத்தினேன். நிறுத்தாமல் போயிருக்கலாம், நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. மூக்கு வானத்தைப் பார்க்க, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் காதால் மட்டும் கேட்டேன். இரைச்சல் ஏறவில்லை. இடது கை மட்டும் கியரின் மேலேயே இருந்தது, ஐந்தாவதுக்குத் தயாராக.

"சாரு, கட்டு எனக்கா, உங்களுக்கா? கண்ணத் தெறங்க. நர்ஸம்மா இவ்ளோ நேரம் கும்புட மாட்டாங்க."

சிரித்துவிட்டேன். முதல் கியரில் கிளம்பினேன். வண்டி பின்னால் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. இதை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

அந்த ஏற்ற இறக்கத்தின் நாற்பது மில்லிதான் இன்று காலை வடித்தது. கிழக்குப் பக்கத்து வேலிக் கம்பத்தில் பூசினேன். ரசமட்டம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அதை வைக்குமுன் வண்டி எங்கே ஓடப்போகிறது என்று பார்க்க நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். எனக்கு இன்னும் பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்காக வண்டியை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்ததுதான் தவறு.

சற்றுமுன் மகள் கூப்பிட்டாள். "அப்பா, நாளைக்கு வர்றவர் கிட்ட வண்டியப் பத்தி என்ன சொல்லட்டும்?"

யோசித்து, ஒத்திகை பார்த்துப் பேசுகிறவன் நான். ஆனால் வாயில் தானாக வந்தது உன் பேச்சுதான்:

"வர வேணாம்னு சொல்லும்மா. வண்டி ஓட்டத்துல கீது."