ஹோர்ன் அடிக்காமல் வந்த நாள்

மூர் வீதி,
மன்னார்.

அன்பு மகள் ஸுஹறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் நோவையும் என் களைப்பையும் விட்டுப் பார்த்தால் அல்லாஹ் எங்களைச் சுகமாகத்தான் வைத்திருக்கிறான், நீயும் மருமகனும் சின்னவளும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்க வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய், போனை எடுத்தால் உம்மாவும் தங்கச்சியும் இரண்டு பக்கமும் வந்து இருந்துவிடுகிறார்கள், இது அவர்கள் கேட்கக் கூடாத கதை. அடுத்த வீட்டு பவ்ஸான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி ஸீனத்துக்கு மாப்பிள்ளை தேடி வவுனியா, புத்தளம் என்று நான் அலைந்தது உனக்குத் தெரியும். கடைசியில் சிலாவத்துறைப் பொடியன் றிஸ்லானின் வீடு சரிவந்தது, நல்ல சனம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று, கலியாணத்துக்குப் பிறகு படிப்பு வேண்டாம் என்றார்கள். அவளுக்கு வாத்தியார் படிப்புக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிற நேரம், ஆனாலும் அவள் உங்களுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி வாப்பா என்று சிரித்துக்கொண்டு சொன்னாள், நானும் அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

போன கிழமை வேன் தோட்டவெளியில் நின்றுவிட்டது. கராஜ் பாலசிங்கம் வந்து பார்த்துவிட்டு, கியர்பொக்ஸ் பழுதாப் போச்சு, விட்டிட்டுப் போங்கோ அண்ணை என்றார். பஸ்ஸையும் காணவில்லை, நடந்தேன். நீ பிறக்க முதலே இந்த றோட்டில் வேன் ஓட்டுகிறவன், எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளமும் பொலிஸ் நிற்கிற இடமும்தான் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. நான் ஹோர்ன் அடித்துக் கலைக்கிற கழுதைகள் நடந்து போனபோது அசையவேயில்லை, நான்தான் சுற்றிப் போனேன். வழியில் கடை வைத்திருக்கிற பெற்றிசியா, வேனுக்குள் இருந்தபடியே கையை நீட்டி நான் வெற்றிலை வாங்குகிறது அவவிட்டத்தான், உங்களுக்குக் கால் இருக்கெண்டு இண்டைக்குத்தான் கண்டன் என்று பகிடி பண்ணிக் கதிரை போட்டுத் தண்ணீர் தந்தா. அதுக்குப் பிறகு வெயிலும் மணலும்தான், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் சத்தம் வந்தது, தேங்காய் துருவுகிறார்கள், பிள்ளையை ஏசுகிறார்கள், ஒரு வீட்டில் மனிசனும் மனிசியும் பாட்டுப் பாடுகிறார்கள். வேனில் போகிறவனுக்கு இந்த ஊர் ஊமை ஊர் மகள்.

எங்கள் ஒழுங்கை முடக்கில் வேனைத் திருப்பும்போது நான் ஹோர்ன் அடிப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சத்தத்துக்குக் கேற் திறக்கும், தேத்தண்ணி அடுப்பில் ஏறும். அன்றைக்கு ஹோர்ன் இல்லை, நான் வந்தது ஒருவருக்கும் தெரியாது. கேற்றில் கை வைக்கிறேன், உள்ளே ஸீனத் அழுகிறாள். வாப்பா அலைஞ்சு களைச்சுப் போனார் உம்மா, அவருக்காகத்தான் ஓமெண்டனான், இனி இதைக் கதைக்காதேங்கோ, அவருக்குத் தெரியவும் வேண்டாம் என்கிறாள். உம்மாவும் அழுகிறா. கேற்றிலிருந்து கையை எடுத்தேன். உள்ளே போக ஏலாமல் திரும்பவும் முடக்குக்குப் போய் மதில் நிழலில் கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு பெரிதாய் இருமிக்கொண்டு வந்தேன். கேற் திறந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றாள் பிள்ளை, நடந்தா வந்தீங்கள் வாப்பா, கால் நோகுதா என்று கேட்டாள். அவள் ஊற்றித் தந்த தேத்தண்ணியை அப்படியே ஆறவிட்டேன்.

வாற வெள்ளி ஜும்ஆ முடிந்து சிலாவத்துறைக்குப் போய் இந்தக் கலியாணம் வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். ஊர் கதைக்கும், பேசின சம்பந்தத்தை முறித்ததுக்கு உன் மாமனார் கோபிப்பார், இன்னொரு முறை மாப்பிள்ளை தேட என் உடம்பில் தென்பும் இல்லை. என்ன செய்ய, என் களைப்பை அவளுக்குச் சீதனமாகக் கொடுக்க ஏலாது. நீ செய்ய வேண்டியது இதுதான், போன் எடுத்து, வாப்பாவுக்கு அந்த வீடு பிடிக்கேல்லையாம், நீ போய்ப் படி என்று அவளிடம் சொல்லு. பழி என்மேல் இருக்கட்டும்.

வேன் திருத்தி வந்துவிட்டது. முடக்கில் ஹோர்ன் அடிக்கத்தான் கை போகுதில்லை, அடிக்காமல் வந்தால் இன்னும் என்ன கேட்க வேண்டி வருமோ என்று பயமாயும் இருக்கிறது. நீங்களும் எந்நேரமும் காரில் திரியாமல் வெயில் தணிந்தபிறகு சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடவுங்கள். அல்லாஹ் உங்கள் வீட்டில் பறக்கத்தை நிறைக்கட்டும், என் துஆவில் உன் பெயர் ஒரு நாளும் விடுபட்டதில்லை.

இப்படிக்கு,
உன் வாப்பா றஊப்

மறந்துவிடாதே மகள், ஸீனத் அழுதது எனக்குத் தெரியாது.