ஆறு கிளிக்

செப்டம்பர் 8, 2024 – ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்குத்தான் வந்தது. மழை வேறு. துவைத்தது ஒன்றும் காயவில்லை.

ஜைனப் வந்திருந்தாள். க்யிம்யிண்டைங் மார்க்கெட்டில் மசாலாக் கடை வைத்திருப்பவள், கடையை மருமகனிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, மழையில் ஊரின் மறுகோடியில் இருக்கும் எங்கள் தின்கன்ஜூன் வரை வருகிறாள் என்றால் சும்மா இருக்காது. டீயைப் பாதி குடித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"வேணிக்கா, கோவிச்சுக்கக் கூடாது. எங்க காக்கா ஒண்ணு கேக்கச் சொன்னுச்சு."

அவளுடைய காக்கா என்றால் அண்ணன் ஷாஹுல். என்னோடு ரயில்வே துப்பாக்கி சுடும் குழுவில் இருந்தவன். இப்போது அமெரிக்காவில், இந்தியானா என்ற இடத்தில் இருக்கிறான். 1983 டிசம்பருக்குப் பிறகு நான் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசப்போவதும் இல்லை என்று இவளிடமே பத்துத் தடவை சொல்லியாயிற்று.

அவனுக்கு ஒரு பிஸ்டல் வாங்க வேண்டுமாம். பாயிண்ட் டூ டூ. ஓய்வு நாளில் குறிபார்த்துச் சுடவும், குளிர்காலத்தில் சிநேகிதனின் பண்ணையில் முயல் அடிக்கவும். கடையில் மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம், எது என்று தெரியவில்லையாம். "மா வேணியக் கேளு, அவளுக்குத் தெரிஞ்ச அளவு இந்த ஊர்ல எவனுக்கும் தெரியாது" என்றானாம். பர்மியர் மாதிரி இன்னும் 'மா' போட்டுத்தான் என்னைக் கூப்பிடுகிறான்.

எனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் ஈஸி சேரில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "பிஸ்டல் பாக்கச் சொல்றானா, பொண்ணு பாக்கச் சொல்றானா?" என்றார். எழுபத்தொரு வயதில் இந்த நல்லையாவுக்கு இருக்கிற குசும்பு யாருக்கும் வராது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 9

முயலுக்குக் கனமான குழல் சரிவருமா என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

செப்டம்பர் 15 – ஞாயிறு

போய்விட்டேன். கொத்தமல்லி வாங்கப் போனதாகத்தான் இவரிடம் சொன்னேன். தின்கன்ஜூனில் கொத்தமல்லி கிடைக்காதா என்று அவரும் கேட்கவில்லை.

ஜைனப் போனில் படம் எதுவும் இல்லை. அனுப்ப வேண்டாம் என்று இவள்தான் சொல்லியிருக்கிறாள். அதுவும் சரிதான். வழியில் சிப்பாய்கள் நிறுத்தி, போனை வாங்கிப் பார்க்கிறார்கள். பிஸ்டல் படத்தை வைத்துக்கொண்டு, இது இந்தியானா முயலுக்கு என்று சொன்னால் எவன் நம்புவான்? அதனால் அண்ணன் போனில் சொல்லச் சொல்ல, தங்கை மசாலாப் பொட்டலக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதிலும் பயம். 'பிஸ்டல்' என்று எழுதாமல் 'தையல் மிஷின்' என்று எழுதியிருக்கிறாள்.

"மிஷின் 1: ரொம்ப கனம், மூக்கு தடிமன். மிஷின் 2: லேசு, அதே மாதிரி. மிஷின் 3: உருளை உள்ளது, ஒம்பது போடலாம்."

ஒன்பது குண்டு போடுகிற தையல் மிஷின்! வாய்விட்டுச் சிரித்தேன். ஜைனப்பும் சிரித்தாள். அவள் எதிரில் நான் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் இருக்கும்?

உருளை உள்ளது வேண்டாம், அதன் ட்ரிக்கர் அவன் விரலுக்குக் கடினம் என்று எழுதச் சொன்னேன். மற்ற இரண்டையும் கடையில் வைத்தே சோதிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டித் தூக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால், குழல் நுனியில் இருக்கிற முன்குறி தானாகவே பின்குறியின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அது எதில் நடக்கிறதோ அதுதான் அவன் கைக்கானது. எங்கள் பயிற்சியாளர் சொல்லிக் கொடுத்தது. அவரை எல்லோரும் ஸயா என்றுதான் கூப்பிடுவோம்.

"நீங்களே பேசிருங்களேன் அக்கா. இந்தா, போன் போடுறேன்."

"துப்பாக்கியப் பத்தி மட்டும்தான். அதுவும் உன் மூலமாத்தான்."

கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 22

இன்று பஸ்ஸில் லைங் தாயா பக்கம் போக வேண்டியிருந்தது, ஒரு கல்யாணம். இரண்டு பக்கமும் கார்மெண்ட் தொழிற்சாலைகள். ஷிப்ட் முடிந்த பெண்கள் டிபன் கேரியரோடு கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அங்கெல்லாம் அன்று வயல். சொன்னால் இந்தப் பெண்கள் நம்ப மாட்டார்கள்.

குளிர்காலத்து ஞாயிறுகளில் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். சம்பான் படகுக்காரர் அக்கரையில், இதே லைங் தாயா பக்கம், இறக்கிவிடுவார். அறுவடை முடிந்த வயலில் முயலும் பெருச்சாளியும் ஓடும். ஊர்த் தலைவர் எங்களைக் கண்டால் சந்தோஷப்படுவார், வரப்பு தப்பியது என்று. நான் இடுப்பில் கட்டிய லௌஞ்சியை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடப்பேன். அம்மா பார்த்திருந்தால் அன்றோடு சரி.

நல்ல பிஸ்டல் கிளப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஷாஹுலும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம். அவன் கண் வேறு, என் கண் வேறு. அதனால் அவன் சுட்டு முடித்துக் கொடுத்ததும், பின்குறித் திருகை நான் இடப்பக்கம் ஆறு கிளிக் திருப்பிக்கொள்வேன். திரும்பக் கொடுத்தால் அவன் வலப்பக்கம் ஆறு திருப்பிக்கொள்வான். ஒரு கிளிக்குக்கு இருபத்தைந்து மீட்டரில் குண்டு ஒரு சென்டிமீட்டர் நகரும். ஸயாவின் சட்டம் ஒன்றுதான்: வாங்குகிறவர்தான் திருப்ப வேண்டும், கொடுக்கிறவர் தொடவே கூடாது.

அந்த ஆறு சத்தமும் எனக்கு இன்னும் கேட்கிறது. எண்ணெய் மணமும். பெட்டிக்குள் விரித்திருந்த பச்சைத் துணியும். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்! இருபத்துநாலு வயது. ரயில்வே ஆபீஸில் ஃபைல் தூக்குகிற பெண்ணுக்கு, கையில் அது இருக்கும்போது மட்டும் உலகம் அசையாமல் நிற்கும்.

செப்டம்பர் 24

எழுதிவிட்டால் போய்விடுமா, பார்க்கிறேன்.

1983 டிசம்பர். இன்செய்ன் பக்கத்துச் சுடுதளம். வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு நாள் முன்னால் ஆண்கள் பட்டியல் வந்து, அதில் ஷாஹுல் பெயர் இல்லை. அன்று அவன் கடைசியாக ஒரு தடவை குழுவுக்காகச் சுட்டுவிட்டு என்னிடம் துப்பாக்கியைக் கொடுத்தான். என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் வழக்கம்போல ஆறு திருப்பினேன். தோட்டாத் தட்டுப்பாடு, ஆகவே சரிபார்க்கும் குண்டு கிடையாது. முதல் ஐந்தையும் சுட்டேன். இலக்கு அட்டை கைக்கு வந்தபோது ஐந்தும் இடப்பக்கம்! ஐம்பதுக்கு நாற்பது. அப்புறம் திருத்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் சுட்டேன். மூன்று புள்ளியில் இடம் போயிற்று. மண்டலேக்காரி விமானம் ஏறினாள்.

"பின்குறியைத் தொட்டாயா?" என்று கேட்டேன். "நான்தான் திருப்பினேன், மா வேணி, ஆனா..." என்றான். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் கேட்கவில்லை. அட்டையை அவன் முகத்தில் வீசிவிட்டு வந்தேன். தனக்குக் கிடைக்காதது இவளுக்கும் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதானே? பாவி. கூட இருந்தே...

போகவில்லை. எழுதினாலும் போகவில்லை.

அக்டோபர் 6 – ஞாயிறு

ஷாஹுலின் பதில் வந்திருக்கிறது. கண்ணை மூடித் தூக்கிப் பார்த்தானாம். கனமானதில் முன்குறி கச்சிதமாக உட்காருகிறது, ஆனால் எட்டு எண்ணுவதற்குள் கை ஆடுகிறது. லேசானதில் முன்குறி கொஞ்சம் தாழ்ந்து நிற்கிறது, ஆனால் இருபது வரை தாங்குகிறது. இரண்டிலுமே பின்குறி திருகு வைத்ததும் கிடைக்கும், திருகு இல்லாததும் கிடைக்கும். எது வேண்டும் என்று கேட்கிறான்.

"திருகு இல்லாததாவே வாங்கச் சொல்லு. அப்பதான் யாரும் கை வைக்க முடியாது" என்றேன்.

ஜைனப் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "இத அப்படியே சொல்லட்டுமா அக்கா?"

"அப்படியே சொல்லு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜெயித்த மாதிரி இருந்தது. வந்து உட்கார்ந்ததும் அப்படி இல்லை.

அக்டோபர் 9

ஜைனப் போன் செய்தாள். அவன் அதைக் கேட்டுவிட்டு, "ஒரு காகிதம் அனுப்புறேன், அவ கையில குடு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றானாம்.

மன்னிப்புக் கடிதமாக இருக்கும். படிக்காமலே கிழித்துவிடலாம்.

அக்டோபர் 17

தடிங்யுட், விளக்குத் திருநாள். தெருவெல்லாம் மெழுகுவர்த்தி. இவருக்குச் சளி.

அக்டோபர் 27 – ஞாயிறு

கடிதம் இல்லை.

அன்றைய அட்டை. நான் முகத்தில் வீசிய அட்டை. இதைப் பொறுக்கி எடுத்து, கப்பலோ விமானமோ எதில் போனானோ அதில் கொண்டுபோய், நாற்பத்தொரு வருஷம் வைத்திருந்திருக்கிறான். பாங்காக் வழியாக வந்த சொந்தக்காரர் ஒருவர் விட்டமின் டப்பாக்களுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். ஓரமெல்லாம் பழுப்பு. மூலையில் என் கையெழுத்து, அம்சவேணி, எண் 7. வேறு ஒரு எழுத்துக்கூட அவன் எழுதவில்லை.

ஐந்து ஓட்டைகள். ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அன்று நான் இதைச் சரியாகப் பார்க்கவே இல்லை! இடப்பக்கம் என்று பார்த்தேன், வீசிவிட்டேன். இவ்வளவு நெருக்கமாகவா சுட்டிருந்தேன்? முதலில் அந்தப் பெருமைதான் வந்தது, மறைப்பானேன்.

அப்புறம் பேத்தியின் ஸ்கேலை எடுத்தேன். நடுப்புள்ளியிலிருந்து ஓட்டைகளின் நடு வரைக்கும் அளந்தேன். ஆறு சென்டிமீட்டர். மறுபடி அளந்தேன். ஆறுதான். ஐந்தில்லை, ஏழில்லை.

ஆறு கிளிக்.

கெடுக்க நினைக்கிறவன் ஏதோ ஒரு பக்கம் திருகிவிட்டுப் போவான். எண்ணித் திருப்புவானா? அவன் என் கண்ணுக்கு வேண்டிய ஆறை, என் பக்கமாக, எனக்காகத் திருப்பி வைத்திருக்கிறான். அது தெரியாமல் நான் இன்னொரு ஆறு திருப்பியிருக்கிறேன்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கிண்டல் ஒன்றும் வரவில்லை. "பேசிரு வேணி" என்றார்.

அக்டோபர் 28

முடியவில்லை. என்னவென்று பேசுவது?

அக்டோபர் 31 – தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாமி கும்பிட்டு, இவருக்கும் பேத்திக்கும் பலகாரம் வைத்துவிட்டு, ஜைனப் கொடுத்த நம்பரைப் போட்டேன். நானே போட்டேன். அங்கே முதல் நாள் இரவாம்.

"யாரு?"

"நான்தான்."

குரல் தெரியாது என்று நினைத்தேன். நாற்பத்தொரு வருஷம்! உடனே சொன்னான்: "அளந்து பாத்தியா, மா வேணி?"

நான் அழுதுவிட்டேன். அவனே சொன்னான். "பேரு கூப்பிட்டுட்டாங்க, உன் கை நடுங்கிட்டு இருந்துச்சு. சரி, நம்மளே திருப்பி வெப்போம்னு திருப்பினேன். சொல்றதுக்குள்ள நீ வாங்கிட்டு ஓடிட்ட. ஸயா சொன்னத மீறுனது நான்தானே."

"ஒரு கடிதாசி போட்டிருக்கலாமேப்பா. இத்தனை வருஷம் உன்னைத் திட்டிட்டே இருந்திருக்கேனே."

"போட்டா என்ன ஆவும்? ரெண்டாவது ஆறு நீ திருப்பினதுன்னு தெரியும். எம்மேல கோவம்னா நீ நல்லா இருப்ப. உம்மேலயே கோவம் வந்துட்டா, அப்புறம் நீ துப்பாக்கியத் தொடவே மாட்டியோன்னு பயந்தேன்."

"அதுக்கப்புறம் நான் தொடவே இல்ல, ஷாஹுல்."

"அது எனக்குத் தெரியாது" என்றான். "ஜைனப் சொல்லல."

நான்தான் சொல்ல வேண்டாம் என்று அவளைத் தடுத்திருந்தேன். தோற்றுப்போய் விட்டுவிட்டாள் என்று அவன் நினைக்கக் கூடாதாம். என் ரோஷம்!

இப்போது ஏன் அனுப்பினாய் என்று கேட்டேன். "திருகு வேண்டாம்னு சொன்னியே, அப்பதான் நீ இன்னும் அந்த எடத்துலயே நிக்கிறன்னு தெரிஞ்சுச்சு" என்றான்.

அவன் மனைவி நூருன்னிசா இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குக்கூட நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இன்று விசாரித்தேன்.

நவம்பர் 3 – ஞாயிறு

ஒரு மணி நேரம் தையல் மிஷின் பேச்சு. பக்கத்து வீட்டுக்காரி, தையல் கடை வைக்கப் போகிறேனா என்று கேட்டாள்.

முடிவு செய்தாயிற்று. லேசானதுதான். குறிப் போட்டிக்கு மட்டும் என்றால் கனமானதைச் சொல்லியிருப்பேன். ஆனால் அறுபத்தெட்டு வயதில் அதைத் தூக்கிக்கொண்டு பனியில் முயல் பின்னால் நடந்தால், முயல் வருகிற நேரத்தில் கையில் தெம்பு இருக்காது. முன்குறி தாழ்வதைக் கைப்பிடிப் பலகையை மாற்றிச் சரிசெய்யலாம். பின்குறி திருகு வைத்ததாகவே இருக்கட்டும் என்று நானே சொன்னேன். காலித் துப்பாக்கியின் ட்ரிக்கரைச் சும்மா இழுக்காதே, இந்தச் சின்னத் தோட்டாவின் விளிம்பில் அடிக்கிற ஊசி, தோட்டா இல்லாவிட்டால் இரும்பில் இடித்துக் கெட்டுவிடும் என்றேன். "இதக்கூட மறந்திருப்பேன்னு நெனச்சியா?" என்று கோபித்துக்கொண்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 11

வாங்கிவிட்டானாம்.

நவம்பர் 15 – வெள்ளி

நேற்று இரண்டு முயல் அடித்தானாம். ஒன்று என் பங்காம். இந்தியானாவிலிருந்து முயல் எப்படி வரும்? ஜைனப்புக்குப் போன் போட்டு, அதற்குப் பதில் கோழி வாங்கி, முயல் கறிக்குப் போடுகிற மசாலாவையே போட்டு, சமைத்து எனக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். மத்தியானம் தூக்குவாளியோடு வந்து நிற்கிறாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் தொட்டதில்லை. ஜைனப்புக்கும் அது தெரியும், அவசரத்தில் மறந்துவிட்டாள். மூடியைத் திறந்த பிறகுதான் ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப மூடப் போனாள். இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டை எடுத்துவரச் சொன்னேன். சாப்பிட்டேன்.