கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

அன்பு மகளுக்கு சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அப்பாவைத் தவிர எல்லாரும் சுகம், அவரைக் கேட்டால் அவரும் சுகம் என்றுதான் சொல்வார். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நானே முடிவுசெய்துகொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லித் தொலையுங்களேன் என்றாள் உன் சித்தி. போனில் என்றால் மீட்டிங் இருக்கு சித்தப்பா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அப்பாவின் கல்லூரியிலிருந்து உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். யார் சொன்னது என்று கேட்காதே, அந்தக் கல்லூரியில் ஒரு காகிதம் அசைந்தாலும் வாசலில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையைத் தாண்டித்தான் அசைய வேண்டும். நீ பதில் போடுமுன் இதை முழுதும் படி.

நான் எட்டாவதைத் தாண்டாதவன்தான், ஆனால் அண்ணனுடைய கேள்வித்தாள்களைப் படியெடுத்துப் படியெடுத்தே பாதி மனோதத்துவம் விரல் வழியாக எனக்குள் ஏறிவிட்டது, அங்கே இருக்கிற சில பேராசிரியர்களுக்கு நானே டியூஷன் எடுக்கலாம். மற்றவர்கள் ஆராய்ச்சி என்று வெளிநாடு வெளிநாடாகப் பறந்தபோது உன் அப்பா முதலாண்டுப் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதார். பள்ளிக்கூடம் முடித்துப் பயந்து வருகிற பிள்ளைக்கு எப்படிச் சொன்னால் மண்டையில் நிற்கும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. வாராவாரம் சின்னப் பரீட்சை வைப்பார், மதிப்பெண்ணுக்காக இல்லை, எங்கே புரியவில்லை என்று பார்க்க. அதை வைத்து மறுவாரப் பாடத்தையே மாற்றி எழுதி, காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் நிற்பார். ஊரில் எல்லாரும் ஒரே குறிப்பை இருபது வருடம் வாசிக்கும்போது உங்களுக்கு மட்டும் ஏன் அண்ணே இந்தத் தலையெழுத்து என்று நான் கேட்காத நாள் இல்லை. நீயும்தான் கேட்டாய், பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தே காலத்தைத் தொலைச்சுட்டீங்க என்று. அதற்குப் பிறகு அவர் உன்னிடம் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை, கவனித்தாயோ இல்லையோ.

நீ அவருடைய வகுப்பை ஒருநாளும் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். ஒரு கேள்வி கேட்பார், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். பிள்ளைகள் முதலில் தனியாக எழுத வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவனோடு சண்டை போட வேண்டும், பிறகு எழுந்து சொல்ல வேண்டும். சொல்கிறவரைக்கும் நிற்பார், கூரையே இடிந்தாலும் விடையை அவர் வாயால் சொல்லமாட்டார். ஓய்வுக்குப் பிறகும் அந்த முதலாண்டுப் பாடத்தை அவரிடமே விடலாமா என்று பார்க்க மூன்று பேர் குழு வந்தது. தலைவன் யார் தெரியுமா, அவருடைய பழைய மாணவன், வீட்டில் நாம் 'கடைசி பெஞ்ச்' என்போமே, அவனேதான். முந்தின நாளே நான் படித்துப் படித்துச் சொன்னேன், அண்ணே, வாயுள்ள பிள்ளை பிழைக்கும், நாளைக்கு ஒருநாள் மட்டும் மற்றவர்களைப் போல ஒரு மணி நேரம் கொட்டி முழக்குங்கள் என்று. "பாக்க வந்தவங்களுக்காக வகுப்ப மாத்துனா, பசங்க என்னடா நெனப்பாங்க?" என்றார்.

தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு போன நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் பாடத்தை நாலு தடவை படிக்கிறான், இன்னொருத்தன் ஒரே தடவை படித்துப் புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகப்படுத்திப் பார்க்கிறான், யாருக்கு நிற்கும், ஏன் என்றார். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார். பிள்ளைகள் எழுதினார்கள், பிறகு சினிமாக் கொட்டகை மாதிரி இரைச்சல், பிறகு ஒரே அமைதி. குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருவர் கொட்டாவி விட்டார். கடைசியில் ஒரு பெண் எழுந்து, நாலு தடவ படிச்சவனுக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கும் சார், ஆனா தேடி எடுத்துப் பழகினவனுக்குத்தான் கெடைக்கும் என்றாள். முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சித்தி பக்கத்தில் இருந்து முறைக்கிறாள், எழுந்து நிற்கவில்லை, முந்நூறும் இல்லை, ஆனால் கைதட்டினது சத்தியம்.

குழு என்ன எழுதியது தெரியுமா, ஆசிரியர் பெரும்பாலான நேரம் பேசவில்லை, பாடம் நடத்தப்படவில்லை. மற்ற இருவருக்கும் தெரியாது, விட்டுவிடலாம். அதே அமைதியில் வியர்த்து வழிந்து, அதே மாதிரி எழுந்து பேசிப் பழகி மேலே போனவன்தானே இவன். ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவன் விறகாகவே பிளந்துவிட்டான். தாழ்வாரத்தில் வந்து, நீங்க கொஞ்சமாவது பேசியிருக்கலாம் சார் என்றான். "நீ மொத மொத எந்திரிச்சுப் பேச நான் எவ்வளவு நேரம் நின்னேன், ஞாபகம் இருக்கா?" என்றார் அப்பா. கேட்டுவிட்டு, வகுப்பில் நிற்பது போலவே நின்றார். அவன் செல்போனைப் பார்த்தான், பிறகு படியிறங்கிவிட்டான். அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார், நான்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

அந்த அறிக்கையோடு பாடம் அவர் கையைவிட்டுப் போனது, இப்போது அவர் அறை காலி. அந்த அறையைத்தான் உனக்குக் கொடுக்கப் போகிறார்களாம். அந்தக் கடைசி பெஞ்ச்தான் கடைக்கே வந்து பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான், உங்க அண்ணன் பொண்ணுக்கு மொத வருஷப் பசங்க தொல்லையே இல்ல, பசங்களுக்கு வீடியோ போட்டுக் காட்டிருவோம், உங்க பொண்ணு நிம்மதியா ஆராய்ச்சி பண்ணலாம் என்று. அதை உனக்குச் சலுகையாக எழுதியிருப்பார்கள், பார். அன்றைக்கு அவன் நீட்டிய தாள்களை மிஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினேன், மிஷின் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேராகவே கேட்டேன், அண்ணே, பிள்ளை அந்த வேலைக்கு வரலாமா கூடாதா. மகளே, என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். உன் அம்மா கேட்டாள், அதே. கோபம் என்று அவள் நினைக்கிறாள். நான் அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தவன், எனக்கு அது கோபமாகத் தெரியவில்லை. விடை தெரிந்தாலும் அவர் சொல்லமாட்டார், நீதான் எழுந்து சொல்ல வேண்டும். வருவதென்றால் அந்தப் பிள்ளைகளும் எனக்கு வேண்டும் என்று எழுதிவிட்டு வா, இல்லையென்றால் அங்கேயே ராணியாக இரு, எனக்கு இரண்டும் சம்மதம். அறையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதே.

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், புத்தி ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அது என் பக்கத்து ரத்தம். கண் கெடும்வரை கம்ப்யூட்டரைப் பார்க்காதே. பதிலை எனக்குப் போடாதே, அப்பாவுக்குப் போடு. அந்தப் பெரிய வகுப்பில் காத்து நிற்க அவருக்குக் காலில் வலு இருந்தது, இப்போது உன் பதிலுக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

உன் நலமே நினைக்கும்,
ஜெராக்ஸ் சித்தப்பா