வைக்கோலில் தெளித்த பச்சைத் தூள்

நெரவி,
5.3.2002

அன்பு மகள் மலர்க்கொடிக்குப் பெரியப்பா மாணிக்கவேல் எழுதுவது. புனேயில் நீ நல்லபடியாக இருக்க காரைக்கால் அம்மையாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அப்பா சிவபாலன் ஆறு நாளாகக் காரைக்கால் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறான். பெரிய டாக்டர் என்னைக் கண்டாலே எழுந்து நிற்கிறார், அதனால் கவனிப்புக்குக் குறைவில்லை. பொங்கலுக்கு வந்தபோது ஒரு புட்டியில் பச்சைத் தூள் காட்டினாயே, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை, வைக்கோல் நாரை அறுக்கும் நொதியைத் தானே சுரந்து சர்க்கரையாக்கிவிடும் என்றாயே. எட்டாவதோடு நின்றவன் என்றாலும் நீ பாதி சொல்லும்போதே எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. சர்க்கரை தின்றால் மாடு எவ்வளவு கறக்கும்! புட்டி ரயிலில் தொலைந்தது என்று நீ நினைத்திருப்பாய். உன் பையிலிருந்து நான்தான் எடுத்தேன்.

வைக்கோலில் யூரியாத் தண்ணீர் தெளித்து ஊறவைக்கிற மாதிரியே, தூளை வெல்லத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, தார்ப்பாய் போட்டு இருபத்தொரு நாள் மூடிவைத்தேன். என் மகள் கண்டுபிடித்துக் கொடுத்தனுப்பிய மருந்து என்று நாலாயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன். பக்கத்துக் கொல்லை பாலகுரு மட்டும், "மாணிக்கண்ணே, மாடு கறக்குமா, நீங்களே கறப்பீங்களா" என்று கிண்டல் செய்தான். பாயை விலக்கினால் உள்ளே பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது, மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாலகுரு பார்த்துவிடக் கூடாதென்று கொட்டகைக் கதவைச் சாத்தி, உதறினால் சரியாகிவிடும் என்றேன். மூன்று நாள் உன் அப்பா உதறினான், தூசி புகையாக எழுந்தது. நான் வெளியில் நின்று யோசனை சொன்னேன்.

வைக்கோலில் ஏதும் கலந்தீர்களா என்று டாக்டர் கேட்டபோது வார்டே காது கொடுத்துக்கொண்டிருந்தது, "பனியில நனைஞ்சதுங்க, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அவர் தூசியால் வந்த இரைப்பு என்று மருந்து கொடுத்தார், குறையவில்லை. பூஞ்சையே நெஞ்சில் பிடித்திருந்தால் இந்த மருந்து ஆளைக் கொன்றுவிடும் என்று நேற்றுச் சொன்னார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அதன் பெயர் என்ன என்றார். எனக்குத் தெரியவில்லை. உன் விடுதிக்கு நான்கு முறை போன் போட்டேன், இந்தியில் ஏதோ சொல்லி வைத்துவிடுகிறார்கள், எனக்கு இந்தி சரளம்தான், லைன் சரியில்லை. உன் அம்மா பூங்கொடி, "படிச்ச பொண்ணு குடுத்துச்சுன்னுதானே நம்பி உள்ள போனாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அழுதாள். இன்று காலை உன் அப்பா, அம்மா இருவரையும் வைத்துக்கொண்டு, மலர் தரவில்லை, நான் திருடினேன் என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா எழுந்து போய்விட்டாள். உன் அப்பா முகமூடியை விலக்கி, "அப்ப புள்ளைய திட்டாதீங்க" என்றான். அதற்குமேல் பேச மூச்சில்லை.

கூரியரில் அனுப்புகிறேன், கிடைத்த நிமிஷமே இதோடு வைத்திருக்கும் சீட்டில் உள்ள ஆஸ்பத்திரி ஃபேக்ஸ் எண்ணுக்குப் பூஞ்சையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதையும் உன் ஆசிரியரைக் கேட்டு எழுது. வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். உடனே புறப்பட்டு வா.

உன் பெரியப்பா,
சி. மாணிக்கவேல்