ஸுமைராவின் முதலிடம்

மஹய்யாவ, கண்டி
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி நிரோஷனுக்கு,

அக்கா ஜெயராணி எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகம். நோர்வேயில் குளிர் குறைந்ததா? ஃபோனில் பேசினால் பதற்றத்தில் ஏதாவது உளறிவிடுவேன். அதனால்தான் ஆற அமர எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன்.

உன் கம்பெனியில் நீங்கள் செய்து அனுப்பிய படிப்பு மென்பொருளைப் பற்றித்தான். அதைப் பாவிக்கும் எல்லா நாட்டுப் பிள்ளைகளிலும் நான் படிப்பிக்கும் வகுப்பு ஸுமைரா முதலிடம் என்று உங்கள் ஆட்கள் அதிபருக்கு எழுதியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வீடியோவில் அவளோடு பேசுவார்களாம். பிறகு தகப்பனோடு ஒஸ்லோவுக்கு அழைப்பார்களாம். அதிபர் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசித்தே விட்டார்.

கைதட்டல் முடிந்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. வகுப்பு முழுவதற்கும் எங்களிடம் இருப்பது ஒரே ஒரு டெப் கணினி. முதலில் திறந்த அன்று நல்ல மழை. நேரத்தோடு வந்து நின்றவள் ஸுமைராதான். பெயர் கேட்டது, அவள் பெயரைப் போட்டேன். அதற்குப் பிறகு அவள் பெயரிலிருந்து வெளியே போகும் பொத்தானை அழுத்த எவருக்கும் துணிவில்லை. அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும் என்று பயம். கணக்கை ஒருத்தன் செய்தான், விஞ்ஞானத்தை இன்னொருத்தி செய்தாள். எல்லாம் அவள் பெயரில் ஏறியிருக்கிறது. பாவி, ஒரே பிள்ளை இரவு பகலாகப் படிக்குமா என்று உங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா?

ஸுமைரா ஒரு பதிலும் சொன்னதில்லை, தம்பி. கூச்ச சுபாவம். டெப்பை நிறுத்தி வைக்கும் தாங்கி உடைந்துவிட்டதால், கதிரையில் உட்கார்ந்து மற்றவர்கள் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பாள். பாடம் நடக்கும்போதெல்லாம் அவள் பார்த்தது மற்றப் பிள்ளைகளின் முகத்தைத்தான்.

செய்தி கேட்டு அவள் வாப்பா நளீர், பல்லேகல தொழிற்சாலையில் வேலை செய்பவர், லீவு போட்டுவிட்டு வட்டிலப்ப இனிப்போடு வந்து எல்லா டீச்சர்மாருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். பாஸ்போட்டுக்குப் படமும் எடுத்தாயிற்றாம். அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. என் பங்கு வட்டிலப்பத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இதற்கு என்ன செய்வது என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். இப்ஹாம் என்ற பையன் எழுந்து, எல்லாரும் அவள் பேரில்தானே செய்தோம், அப்படியென்றால் அவள்தானே முதல் என்கிறான். இடைவேளையில் எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவளும் விழுந்து விழுந்து படிக்கிறாள். இரண்டொன்று சரியாகவும் வருகிறது. இது ஏமாற்றா, படிப்பா? சத்தியமாக எனக்கு விளங்கவில்லை. அதிபரிடம் சொன்னால் பள்ளிக்கூட மானம் போகும் என்பார். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை எல்லார் முன்னாலும் விழித்துக்கொண்டு நிற்கும்.

நேற்று மணி அடித்த பிறகு அவள் மட்டும் போகாமல் நின்றாள். என்னம்மா என்றேன். "டீச்சர், அது நான் இல்லண்டு எனக்குத் தெரியும். வாப்பாட்ட மட்டும் நீங்க சொல்லுங்க. எனக்கு ஏலாது" என்றாள். அழக்கூட இல்லை. அவளை அணைத்துக்கொண்டு நான்தான் அழுதேன்.

அவள் கேட்டபடி சொல்லத்தான் நேற்று மாலை நளீரின் வீட்டுவாசல் வரைக்கும் போனேன். உள்ளே அவர் அக்கம்பக்கத்து ஆட்களுக்கு ஒஸ்லோ எங்கே இருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

உங்கள் ஆட்களிடம் நடந்ததைச் சொல்லிவிடு, தம்பி. பழி என்மேல் இருக்கட்டும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன் நளீரோடு நீயே பேசு. அவருடைய ஃபோன் இலக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன். பிள்ளையைத் திட்டாதீங்க என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு மற்றதைச் சொல்லு.

கடவுள் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.

உன் அக்கா,
ஜெயராணி