குஞ்சு காத்த விரால்

உங்களுக்கு,

ஏரி மீன்களைக் கணக்கெடுப்பது என் வேலை. முட்டையிடும் மாதங்களில் வலை போடாதீர்கள் என்று மீனவர்களிடம் வீடுவீடாகப் போய்க் கெஞ்சியவள் நான். அவர்களும் வலையைச் சுருட்டிவிட்டுக் கரும்பு வெட்டப் போனார்கள்.

நீங்களோ உங்கள் மேலதிகாரிக்கு நம் வீட்டில் வைத்த விருந்துக்காக, நான் ஊரில் இல்லாத நாளில் ஆளனுப்பி, குஞ்சுகளுக்குக் காவல் நின்ற விரால் ஜோடியைப் பிடிக்க வைத்தீர்கள்.

இன்று மதகருகே சிவப்புக் குஞ்சுகள் நாதியற்று அலைந்தன. கெளுத்திகள் அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. "இன்னா மேடம், எங்க வலைய சுருட்டிட்டு உங்க வூட்ல கொழம்பா?" என்றாள் வலையைச் சுருட்டியவர்களில் ஒருத்தியான காசம்மாள். கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அப்படித்தான் எனக்கு விஷயமே தெரிந்தது.

இனி யார் என் பேச்சைக் கேட்பார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக் கூட்டத்தில் நீங்களே எழுந்து நடந்ததைச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரை நான் சொல்வேன்.

உங்கள் மனைவி